இரண்டு மொழிக் குழந்தையின் சொற்களை எண்ணுவது எப்படி?

கனடாவின் மாண்ட்ரீல் நகரில் ஈழத்துத் தமிழ்க் குடும்பங்கள் பல வாழ்கின்றன. அப்படியொரு வீட்டின் ஒன்றரை வயதுப் பிள்ளை கையை நீட்டி "பால்" என்கிறது என்று வைத்துக்கொள்வோம். அடுப்படியில் நிற்கும் அம்மாவைப் பார்த்துச் சொன்னால் அது குடிக்கிற பால். பூங்காவில் ஆங்கிலம் பேசும் பக்கத்து வீட்டுச் சிறுவனின் கையைப் பார்த்துச் சொன்னால் அது விளையாடுகிற பந்து. காப்பகத்தில் பிரெஞ்சு பேசும் ஆசிரியை குடிக்கிற பாலை "லே" என்பார். பிள்ளை அதையும் திருப்பிச் சொல்லும். மருத்துவப் பரிசோதனைக்குப் போகும் நாளில் ஒரு படிவம் வருகிறது: "உங்கள் குழந்தை எத்தனை சொற்கள் பேசும்?" அம்மா எதை எழுதுவார்? "பால்" ஒரு சொல்லா, இரண்டா? "லே" புதுச் சொல்லா, பழைய பாலின் மறுபெயரா? தமிழில் சொன்னவற்றைக் கணக்கில் சேர்க்கலாமா?

கேள்வி சிறியது. ஆனால் இருமொழிக் குழந்தைகளைப் பற்றி நூறு ஆண்டுகளாக உலவும் தவறான முடிவுகளில் பெரும்பகுதி, இந்தக் கணக்கைப் பிழையாகப் போட்டதால் விளைந்தவை. எதை எண்ணினார்கள், எதை எண்ணாமல் விட்டார்கள் என்று தேடிப் போனால் இந்த ஆராய்ச்சித் துறையின் வரலாறே கண்முன் விரியும். அது முடிந்துபோன வரலாறும் அன்று. "வீட்டில் ஒரே மொழியைப் பேசுங்கள், பிள்ளை குழம்பிவிடும்" என்ற அறிவுரை இன்றும் பெற்றோரின் காதில் விழுந்துகொண்டுதான் இருக்கிறது.

வேல்ஸில் வேர்விட்ட அச்சம்

1923இல் டி. ஜே. சேர் என்பவர் பிரிட்டிஷ் உளவியல் இதழொன்றில் ஓர் ஆய்வை வெளியிட்டார். வேல்ஸ் நாட்டில் 7 முதல் 14 வயது வரையிலான சுமார் 1,400 பிள்ளைகளின் அறிவுத்திறனை அவர் சோதித்திருந்தார். கிராமப்புறத்தில், வெல்ஷும் ஆங்கிலமும் பேசிய பிள்ளைகள் ஒருமொழிப் பிள்ளைகளைவிடக் குறைந்த மதிப்பெண் பெற்றார்கள். இரு மொழிகள் மனத்தில் மோதிக் குழப்பம் உண்டாக்குகின்றன என்பது அவர் கண்ட விளக்கம்.

அதே ஆய்வில் இன்னொரு செய்தியும் இருந்தது. நகரத்துப் பிள்ளைகளிடையே இருமொழி, ஒருமொழி என்ற வேறுபாடு மதிப்பெண்ணில் தெரியவில்லை. குற்றம் இரண்டு மொழிகளுடையது என்றால் நகரத்திலும் அது தெரிந்திருக்க வேண்டும். கிராமத்துப் பிள்ளையின் வறுமையும், அவன் படித்த பள்ளியின் நிலையும், ஆங்கிலத்தை அவன் காதில் கேட்ட நேரமும் கணக்கில் வரவில்லை. வந்தது மொழிகளின் எண்ணிக்கை மட்டும்.

அமெரிக்காவிலும் இதே கதைதான். அங்கே குடியேறியவர்களின் பிள்ளைகளைப் பற்றி 1926இல் எழுதிய ஃப்ளோரன்ஸ் குட்எனஃப், வீட்டில் ஆங்கிலத்தை அதிகம் பேசாத இனக்குழுக்களின் அறிவுத்திறன் மதிப்பெண் குறைவாக இருப்பதைக் கண்டார். வீட்டில் அயல்மொழி பேசுவது மனவளர்ச்சிக் குறைவுக்கு முக்கியக் காரணமாக இருக்கலாம் என்ற கருத்தை அவர் முன்வைத்தார். புதிதாகக் கப்பலிறங்கிய ஏழைத் தொழிலாளியின் மகளையும், மூன்று தலைமுறையாக அங்கே வேரூன்றிய குடும்பத்தின் மகளையும் ஒரே தராசில் நிறுத்திவிட்டு, எடை குறைந்ததற்கு அவள் தாயின் மொழியைக் காரணம் காட்டியதுபோல ஆயிற்று.

இதே காலத்தில் வேறு வழியில் போனவர்களும் உண்டு. பிரெஞ்சு மொழியியலர் ஜூல் ரொன்ஷா, தன் மகன் லூயி பிரெஞ்சும் ஜெர்மனும் கற்ற விதத்தை 1913இல் நூலாக வெளியிட்டார். தந்தை பிரெஞ்சிலும் தாய் ஜெர்மனிலும் மட்டும் பேசுவது என்பது அந்த வீட்டின் ஏற்பாடு. சிறுவன் இரண்டையும் நன்றாகவே பேசினான். பின்னர் வெர்னர் லியோபோல்ட், ஜெர்மனும் ஆங்கிலமும் பேசி வளர்ந்த தன் மகள் ஹில்டகார்டின் பேச்சைக் குறித்துவைத்து 1939 முதல் 1949 வரை நான்கு தொகுதிகளாக எழுதினார். இவர்கள் மதிப்பெண்ணை நம்பவில்லை. குழந்தையின் வாயிலிருந்து வந்ததை நாள்தோறும் எழுதினார்கள். ஆனால் இவை ஒற்றை வீட்டின் கதைகள் என்று ஒதுக்கப்பட்டன. பெருங்கூட்டத்தைப் பிழையாக எண்ணிய ஆய்வுகளே செல்வாக்குப் பெற்றன.

மாண்ட்ரீலில் திரும்பிய தராசு

காற்று திசை மாறியது 1962இல். மாண்ட்ரீலின் மெக்கில் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த எலிசபெத் பீல், வாலஸ் லாம்பர்ட் இருவரும் அந்நகரின் ஆறு பிரெஞ்சுப் பள்ளிகளில் பத்து வயதுப் பிள்ளைகளைச் சோதித்தார்கள். வயது, பாலினம், குடும்பத்தின் பொருளாதார நிலை ஆகியவை ஒத்திருக்குமாறு இரு குழுக்களை அமைத்தார்கள். இறுதிக் கணக்கில் 164 பிள்ளைகள்: 89 பேர் பிரெஞ்சும் ஆங்கிலமும் அறிந்தவர்கள், 75 பேர் பிரெஞ்சு மட்டும் அறிந்தவர்கள். இருமொழிப் பிள்ளைகள் பின்தங்குவார்கள் என்ற எதிர்பார்ப்பு பொய்த்தது. சொல் சார்ந்த சோதனைகளிலும் சொல் சாராத சோதனைகளிலும் அவர்களே முந்தினார்கள்.

இந்த ஆய்விலும் ஒரு குறை உண்டு. இரு மொழிகளையும் ஏறக்குறைய சமமாக அறிந்த பிள்ளைகளையே அவர்கள் தேர்ந்தெடுத்தார்கள். கெட்டிக்காரப் பிள்ளைகள் இரண்டாம் மொழியை விரைவாகப் பிடித்துக்கொண்டார்களா, இரண்டாம் மொழி அவர்களைக் கெட்டிக்காரர்கள் ஆக்கியதா என்பதை இந்தக் கணக்கால் பிரித்துச் சொல்ல முடியாது. ஆனாலும் அதன் பயன் பெரிது. வறுமையையும் மொழியையும் தனித்தனியே எண்ணினால் பழைய அச்சம் கரைந்துவிடுகிறது என்பதை அது காட்டியது.

ஆய்வகத்துக்கும் வீட்டுக்கும் இடையே பாலம் போடப்பட்டதும் அந்த ஊரில்தான். மாண்ட்ரீலை ஒட்டிய செயின்ட் லாம்பர்ட் என்ற புறநகரில், ஆங்கிலம் பேசும் பெற்றோர் சிலர் தங்கள் பிள்ளைகள் பிரெஞ்சைச் சரளமாகப் பேசவேண்டும் என்று விரும்பினார்கள். மெக்கிலின் அறிஞர்களிடம் போய் யோசனை கேட்டார்கள். பள்ளி நிர்வாகத்தோடு போராடினார்கள். 1965 செப்டம்பரில் 26 மழலைகளோடு, முழுக்கப் பிரெஞ்சிலேயே நடக்கும் வகுப்பு ஒன்று தொடங்கியது. அந்தப் பிள்ளைகளின் வளர்ச்சியை லாம்பர்ட் குழுவினர் ஆண்டுதோறும் அளந்து எழுதினார்கள். கனடா முழுதும் பரவிய பிரெஞ்சு மூழ்கல் கல்விக்கு வித்து அதுவே. பொதுமக்களுக்கு அறிவியலைக் கொண்டுசெல்வது பற்றி இன்று நிறையப் பேசுகிறோம். அங்கே பொதுமக்கள்தான் அறிவியலைத் தேடிப் போய்க் கதவைத் தட்டினார்கள்.

பிறந்த சில நாளில்

"குழம்பிவிடும்" என்ற அச்சத்துக்கு நேரான விடை கைக்குழந்தைகளிடமிருந்து கிடைத்திருக்கிறது. கிறிஸ்டா பையர்ஸ்-ஹைன்லைன், டிரேசி பர்ன்ஸ், ஜேனட் வெர்க்கர் மூவரும் 2010இல் வெளியிட்ட ஆய்வு, பிறந்து ஐந்து நாட்களுக்குள் இருந்த சிசுக்களைப் பற்றியது. இடம் கனடாவின் வான்கூவர். சிலரின் தாய்மார் ஆங்கிலம் மட்டும் பேசுபவர்கள். சிலரின் தாய்மார் கருவுற்றிருந்தபோது ஆங்கிலமும் பிலிப்பைன்ஸின் தகாலோகும் மாறிமாறிப் பேசியவர்கள். சிசுவின் வாயில் அழுத்தத்தை அளக்கும் ரப்பர் காம்பு ஒன்றை வைத்தார்கள். வேகமாகச் சப்பினால் ஒரு மொழியின் வாக்கியங்கள் கேட்கும். ஒரு நிமிடம் ஆங்கிலம், ஒரு நிமிடம் தகாலோக்.

ஆங்கிலத் தாய்மாரின் சிசுக்கள் ஆங்கிலம் கேட்டபோது கூடுதலாகச் சப்பின. இருமொழித் தாய்மாரின் சிசுக்கள் இரண்டுக்கும் ஒரே அளவு ஆர்வம் காட்டின. இரண்டும் அவற்றுக்கு ஒன்றாகவே கேட்டதோ? அதையும் சோதித்தார்கள். ஒரே மொழியைக் கேட்டுக் கேட்டு அலுத்துப்போன நேரத்தில் மொழியை மாற்றியதும் சிசுக்கள் மறுபடி ஊக்கத்தோடு சப்பத் தொடங்கின. ஆக, இரண்டும் வேறு என்று அவற்றுக்குத் தெரியும். இரண்டும் தன்னுடையவை என்றும் தெரியும். கருவறையிலேயே தாயின் பேச்சோசையை, அதன் தாளத்தை, கேட்டு வந்த அறிவு இது.

ஒலிகளைப் பிரித்தறிவதிலும் இத்தகைய நுட்பம் உண்டு. "பத்து", "பட்டு" என்று சொல்லிப் பாருங்கள். நமக்கு த, ட இரண்டும் பகலும் இரவும் போல வேறு. ஆங்கிலம் மட்டும் அறிந்தவருக்கு இரண்டும் ஒன்றாகவே கேட்கும். இதைப் போன்ற இந்தி ஒலிகளைக் கொண்டு ஜேனட் வெர்க்கரும் ரிச்சர்ட் டீஸும் 1984இல் வெளியிட்ட ஆய்வு இத்துறையின் மைல்கல். ஆறு முதல் எட்டு மாத வயதில் ஆங்கில வீட்டுக் குழந்தைகளும் அந்த வேறுபாட்டைக் கேட்டார்கள். பத்து முதல் பன்னிரண்டு மாதத்தில் அவர்களில் பெரும்பாலோர் அதை இழந்திருந்தார்கள். சுற்றிலும் எந்த ஒலி பயன்படுகிறதோ அதற்கே காது கூர்மையாகிறது. இரண்டு மொழி கேட்கும் குழந்தை இரண்டு ஒலிக்கூட்டங்களுக்கும் காதைத் தீட்டிக்கொள்ள வேண்டும்.

பார்சிலோனாவில் நூரியா செபாஸ்டியான்-கயேஸ், லாரா போஷ் இருவரும் கட்டலான், ஸ்பானிஷ் குழந்தைகளை ஆராய்ந்தார்கள். கட்டலானில் உள்ள ஓர் உயிரொலி வேறுபாடு ஸ்பானிஷில் கிடையாது. நான்கு மாதத்தில் எல்லாக் குழந்தைகளும் அதைக் கேட்டார்கள். எட்டு மாத இருமொழிக் குழந்தைகளுக்கு அது கேட்காததுபோல் தோன்றியது. பன்னிரண்டு மாதத்தில் மறுபடி கேட்டது. 2003இல் வெளியான இந்த முடிவு, நடுவில் ஒரு தடுமாற்றம் உண்டு என்று பேச வைத்தது. 2011இல் அதே பார்சிலோனாவில், குழந்தையின் கண் எந்தப் பக்கம் முந்திப் பார்க்கிறது என்பதைப் பதிவுசெய்யும் வேறொரு முறையில் சோதித்தார்கள். எட்டு மாத இருமொழிக் குழந்தைகளும் வேறுபாட்டை அறிந்திருந்தார்கள். தடுமாற்றம் குழந்தையின் காதில் இல்லை. நாம் பிடித்த அளவுகோலில் இருந்தது.

சொற்கணக்கு

இனி அந்தப் படிவத்துக்கு வருவோம். குழந்தையின் சொற்களை எண்ண உலகெங்கும் பயன்படுவது, பெற்றோர் நிரப்பும் நீண்ட சொற்பட்டியல். மெக்கார்த்தர்-பேட்ஸ் பட்டியல் அவற்றுள் புகழ்பெற்றது. ஒருமொழி வீட்டுக்கு ஒரு பட்டியல் போதும். இருமொழி வீட்டுக்கு இரண்டு வேண்டும்.

அமெரிக்காவின் மயாமியில் பார்பரா பியர்சன், சில்வியா ஃபெர்னாண்டஸ், கிம்ப்ரோ ஓலர் மூவரும் 1993இல் அதைத்தான் செய்தார்கள். ஸ்பானிஷும் ஆங்கிலமும் கேட்டு வளர்ந்த, 8 முதல் 30 மாத வயதுள்ள 25 குழந்தைகளுக்கு இரண்டு மொழியிலும் பட்டியல் நிரப்பினார்கள். ஒரு மொழியை மட்டும் பார்த்தால் இருமொழிக் குழந்தையின் கையிருப்பு குறைவு போலத் தோன்றலாம். இரண்டையும் கூட்டிப் பார்த்தபோது ஒருமொழிக் குழந்தைகளுக்கு அவர்கள் எந்த விதத்திலும் குறைந்தவர்களாக இல்லை.

எடுத்துக்காட்டாக, இருபது மாதக் குழந்தைக்குத் தமிழில் 40 சொல், ஆங்கிலத்தில் 35 சொல் தெரியும் என்று வைத்துக்கொள்வோம். அவற்றுள் பூனை, தண்ணீர், காலணி போன்ற 15 பொருள்களுக்கு இரு மொழியிலும் பெயர் தெரியும். வாயிலிருக்கும் சொற்கள் மொத்தம் 75. பெயர் தெரிந்த பொருள்களும் செயல்களும் 60. ஆங்கிலம் மட்டும் அறிந்த ஒருவர் சோதித்தால் அவர் எழுதுவது 35. மூன்று எண்களும் ஒரே குழந்தையைப் பற்றியவை. கடைசி எண்ணை மட்டும் கையில் வைத்துக்கொண்டு "பேச்சு தாமதம்" என்று முத்திரை குத்துவது, இரண்டு வங்கிகளில் பணம் வைத்திருப்பவரை ஒரே கணக்குப் புத்தகத்தைப் பார்த்து ஏழை என்பதற்குச் சமம்.

இதில் மறைக்கக் கூடாத ஓர் உண்மையும் உண்டு. எரிகா ஹாஃப் குழுவினர் தெற்கு ஃபுளோரிடாவில் நடத்தி 2012இல் வெளியிட்ட ஆய்வில், சுமார் இரண்டு வயதிலிருந்து இரண்டரை வயது வரை 47 இருமொழிக் குழந்தைகளையும் 56 ஒருமொழிக் குழந்தைகளையும் தொடர்ந்து பார்த்தார்கள். மொத்தச் சொற்கள் சமம். ஆனால் தனித்தனி மொழியில், சொல்லிலும் இலக்கணத்திலும் இருமொழிக் குழந்தைகள் சற்றுப் பின்னால் வந்தார்கள். எந்த மொழியை அதிகம் கேட்டார்களோ அதில் அதிகம் வளர்ந்தார்கள். விழித்திருக்கும் நேரத்தை இரு மொழிகள் பங்கிட்டுக்கொள்ளும்போது இது நிகழாமல் இருந்தால்தான் வியப்பு. இதை நோய் என்று அஞ்சவும் கூடாது. இல்லை என்று பெற்றோரிடம் மறைக்கவும் கூடாது.

இரு மொழிகள் சொல் கற்கும் உத்தியையே மாற்றுகின்றன என்பதும் தெரிய வந்திருக்கிறது. ஒரு பொருளுக்கு ஒரு பெயர்தான் இருக்கும் என்ற ஊகத்தை ஒருமொழிக் குழந்தைகள் ஒன்றரை வயதில் பயன்படுத்துகிறார்கள். முன்னால் ஒரு பந்தும் தெரியாத கருவி ஒன்றும் இருக்க, புதுச்சொல் ஒன்றைக் கேட்டால் அவர்கள் பார்வை அந்தக் கருவியின் மேல் போகும். 2009இல் பையர்ஸ்-ஹைன்லைனும் வெர்க்கரும் கண்டபடி, இருமொழிக் குழந்தைகளிடம் இந்த ஊகம் மெலிந்தது. மும்மொழிக் குழந்தைகளிடம் காணவே இல்லை. ஒரே பொருளுக்கு இரண்டு, மூன்று பெயர் இருப்பதை அன்றாடம் பார்க்கும் குழந்தை அந்த ஊகத்தை ஏன் வைத்துக்கொள்ள வேண்டும்?

கலந்து பேசினால் குழப்பமா?

"பூனை ரன்னிங்" என்று குழந்தை சொன்னதும் பெற்றோருக்குக் கவலை வந்துவிடுகிறது. 1978இல் வோல்ட்டெர்ரா, டேஷ்னர் என்ற ஆய்வாளர்கள், இருமொழிக் குழந்தை முதலில் ஒரே கலவை மொழியோடு தொடங்கிப் பின்னர்தான் பிரிக்கிறது என்று வாதிட்டார்கள். மெக்கிலின் ஃப்ரெட் ஜெனெசி 1989இல் இதை மறுத்தார். 1995இல் அவரும் எலினா நிக்கோலாடிஸ், ஜொஹான் பாராடிஸ் ஆகியோரும், மாண்ட்ரீல் குடும்பங்களின் பேச்சைப் பதிவுசெய்து பார்த்தார்கள். சுமார் இரண்டு வயதான அக்குழந்தைகள் பிரெஞ்சு பேசும் பெற்றோரிடம் பிரெஞ்சையும் ஆங்கிலம் பேசும் பெற்றோரிடம் ஆங்கிலத்தையும் கூடுதலாகப் பயன்படுத்தினார்கள். யாரோடு எதைப் பேச வேண்டும் என்று தெரியாத குழந்தையால் இது முடியாது. கலப்பு பெரும்பாலும் கையிருப்பின் பிரச்சினை: ஒரு மொழியில் சொல் இல்லாதபோது மற்றதிலிருந்து எடுத்துக்கொள்கிறது. "வெயிட் பண்ணு" என்று நாம் நாளெல்லாம் பேசிக் குழந்தை கேட்டிருந்தால், அது கலப்பை நம்மிடமிருந்தே கற்றிருக்கிறது.

கேட்கும்போது என்ன நடக்கிறது? 2017இல் பையர்ஸ்-ஹைன்லைன் குழு, பிரெஞ்சும் ஆங்கிலமும் அறிந்த இருபது மாதக் குழந்தைகளின் கண்மணியை அளந்தது. வாக்கியத்தின் நடுவில் மொழி மாறினால் கண்மணி விரிந்தது. அதாவது மூளை ஒரு கணம் கூடுதலாக உழைத்தது. ஒரு வாக்கியம் முடிந்து அடுத்த வாக்கியத்தில் மொழி மாறியபோது அந்தச் சுமை பெரிதும் குறைந்தது. பெரியவர்களிடமும் இதே பாங்கு தெரிந்தது. கலப்புப் பேச்சு குழந்தையின் சொல்வளத்தைக் குறைக்குமா என்பதில் ஆய்வுகள் ஒரே குரலில் பேசவில்லை. சிலவற்றில் சிறு பாதிப்பு தெரிகிறது, சிலவற்றில் இல்லை. வீட்டு மொழியை நிறையக் கேட்க வேண்டுமா என்ற கேள்விக்கு மட்டும் எல்லா ஆய்வுகளும் ஆம் என்றே சொல்கின்றன.

எப்படிக் கேட்க வேண்டும் என்பதையும் பாட்ரிசியா குல் குழு 2003இல் காட்டியது. ஒன்பது மாத அமெரிக்கக் குழந்தைகளோடு மாண்டரின் சீனம் பேசுவோர் 12 அமர்வுகளில் நேரில் விளையாடினார்கள், படித்துக் காட்டினார்கள். அக்குழந்தைகள் மாண்டரின் ஒலி வேறுபாடுகளைக் கற்றார்கள். அதே ஆட்கள், அதே பேச்சு, திரையிலோ ஒலிநாடாவிலோ வந்தபோது கற்கவில்லை. யூடியூபில் மழலைப் பாட்டு ஓடவிட்டால் தமிழ் வந்துவிடும் என்று நம்பும் வீடுகளுக்கு இந்தச் செய்தி போய்ச் சேர வேண்டும். பாட்டியின் மடிக்கு ஈடாகத் திரை இன்னும் வரவில்லை.

கூட்டலும் கழித்தலும்

மாண்ட்ரீலில் பிரெஞ்சும் ஆங்கிலமும் இரண்டுமே பலம் உள்ள மொழிகள். பள்ளி, அலுவலகம், தொலைக்காட்சி எதிலும் இரண்டுக்கும் இடமுண்டு. எல்லா இருமொழிக் குழந்தைகளுக்கும் அந்த வாய்ப்பு இல்லை. வாலஸ் லாம்பர்ட் இதைக் குறிக்க இரண்டு சொற்களைத் தந்தார்: கூட்டும் இருமொழி, கழிக்கும் இருமொழி. புதிய மொழி பழைய மொழியோடு சேர்ந்தால் கூட்டல். புதிய மொழி வந்ததும் பழையது நழுவினால் கழித்தல்.

கழித்தல் எவ்வளவு எளிதில் நடக்கிறது என்பதை இரண்டு பெரிய கணக்கெடுப்புகள் சொல்கின்றன. லில்லி வாங் ஃபில்மோர் 1991இல் வெளியிட்ட அமெரிக்க ஆய்வு, ஆயிரத்துக்கும் மேற்பட்ட குடியேறிய குடும்பங்களைப் பற்றியது. ஆங்கிலம் நடக்கும் மழலைப் பள்ளிக்குப் போன பிள்ளைகள் பலர் வீட்டு மொழியை விட்டார்கள். பெற்றோருக்கும் பிள்ளைகளுக்கும் இடையே ஆழமாகப் பேச ஒரு மொழி இல்லாமல் போனதே அதன் பெரிய இழப்பு என்று அவர் எழுதினார். தந்தை சொல்வது மகனுக்கு முழுதாகப் புரியாத வீட்டில் அறிவுரையும் ஆறுதலும் எப்படிக் கைமாறும்?

ஆனிக் டி ஹௌவெர் பெல்ஜியத்தின் ஃப்ளாண்டர்ஸ் பகுதியில் 1,899 குடும்பங்களிடம் கேட்டுப் பெற்ற தகவல்களை 2007இல் வெளியிட்டார். டச்சு பெரும்பான்மை மொழியாக உள்ள அங்கே, பெற்றோரில் ஒருவராவது வேறொரு மொழி பேசும் வீடுகள் அவை. அவற்றில் ஏறக்குறைய நான்கில் ஒரு பங்கு வீடுகளில் பிள்ளைகள் அந்த மொழியைப் பேசவில்லை. ஒருவர் ஒரு மொழி என்ற புகழ்பெற்ற ஏற்பாடு ஏறக்குறைய நான்கில் மூன்று வீடுகளிலேயே பலன் தந்தது. பெற்றோர் இருவரும் வீட்டில் சிறுபான்மை மொழியைப் பேசியபோது வெற்றி மிக அதிகம். பெரும்பான்மை மொழி தெருவிலிருந்தும் பள்ளியிலிருந்தும் தானாக வரும். சிறுபான்மை மொழிக்கு வீட்டைத் தவிர வேறு போக்கிடம் இல்லை.

மொழிக் குறைபாடோ வளர்ச்சிச் சவாலோ உள்ள குழந்தைகளின் பெற்றோருக்கே "ஒரு மொழியை விட்டுவிடுங்கள்" என்ற அறிவுரை அதிகம் கிடைக்கிறது. ஆய்வுகள் அதற்கு ஆதரவு தரவில்லை. மொழிக் குறைபாடுள்ள மாண்ட்ரீல் இருமொழிப் பிள்ளைகள், அதே குறைபாடுள்ள ஒருமொழிப் பிள்ளைகளைவிட மோசமாக இல்லை என்று பாராடிஸ் குழு 2003இல் காட்டியது. டவுன் குறைபாடு உள்ள பிள்ளைகளைப் பற்றி 2005இலும், ஆட்டிசம் உள்ள பிள்ளைகளைப் பற்றி 2012இலும் கனடாவில் வெளியான ஆய்வுகளும் இதே திசையில் சென்றன. குறைபாடு இரு மொழியிலும் தெரியும். ஒரு மொழியைப் பறித்தால் அது தீராது; பிள்ளை தன் தாத்தா, பாட்டியையும் இழக்கும்.

மிகை வாக்குறுதி வேண்டாம்

பழைய அச்சத்தை விரட்டிய வேகத்தில் சிலர் எதிர்த்திசையில் வெகுதூரம் போய்விட்டார்கள். இரு மொழி பேசினால் கவனம் கூர்மையாகும், மூளை வலுப்பெறும் என்பது விளம்பரமாகவே ஆகிவிட்டது. டொரொண்டோவின் எலன் பியாலிஸ்டாக் பல ஆண்டுகளாகச் செய்த ஆய்வுகள் இந்தக் கருத்துக்கு அடித்தளம். அவை மதிக்கத்தக்கவை. ஆனால் எல்லா ஆய்வுகளையும் எண்ணிப் பார்த்தால் படம் அவ்வளவு தெளிவாக இல்லை.

எடின்பரோவில் ஆங்கெலா டி ப்ரூய்ன் குழுவினர் 1999 முதல் 2012 வரை மாநாடுகளில் முன்வைக்கப்பட்ட 104 ஆய்வுச் சுருக்கங்களை எடுத்து, அவற்றுள் எவை இதழ்களில் வெளியாயின என்று பார்த்து 2015இல் எழுதினார்கள். நன்மை உண்டு என்று சொன்னவை அதிகம் அச்சேறின. இல்லை என்று சொன்னவை பெரும்பாலும் ஏறவில்லை. 2019இல் 9, 10 வயதுள்ள 4,524 அமெரிக்கப் பிள்ளைகளின் தரவுகளை ஆராய்ந்த ஓர் ஆய்வு, அத்தகைய நன்மைக்குச் சான்று காணவில்லை. 1923இல் வேல்ஸின் வறுமை எண்ணப்படாமல் போனதைப் போல, இங்கே அலமாரியில் முடங்கிய முடிவுகள் எண்ணப்படாமல் போயின. தீமை என்று பிழையாகக் கணக்கிட்டது ஒரு தலைமுறை. நன்மை என்று அவசரமாகக் கணக்கிட்டது இன்னொன்று.

இது பெற்றோருக்கு ஏன் முக்கியம்? மூளை வலுப்பெறும் என்ற ஆசையில் தமிழைப் பிடித்துக்கொண்டவர், அது நிரூபணமாகவில்லை என்று தெரிந்ததும் தமிழை விட்டுவிடக்கூடும். அப்பாவின் கதையை அப்பாவின் மொழியிலேயே கேட்பதற்கு அறிவுத்திறன் மதிப்பெண் சாட்சி சொல்ல வேண்டியதில்லை. இரண்டு மொழி தீங்கு செய்யாது. இரண்டு உலகத்து மனிதர்களோடு பேச வைக்கும். இவ்வளவையும் அறிவியல் உறுதியாகச் சொல்கிறது. ஒரு குடும்பத்துக்கு இது போதும்.

ஆய்வகத்திலிருந்து வாசற்படிக்கு

அறிஞர்கள் அறிந்ததும் பெற்றோர் கேட்பதும் வெவ்வேறாக இருப்பதைத் தாங்காமல்தான் எடின்பரோ பல்கலைக்கழகத்தில் மொழியியலர் அந்தொனெல்லா சொராச்சே 2008இல் 'பைலிங்குவலிசம் மேட்டர்ஸ்' என்ற மையத்தைத் தொடங்கினார். பெற்றோர், ஆசிரியர், நலப்பணியாளர், அரசு அலுவலர் ஆகியோரிடம் ஆய்வு முடிவுகளை எளிய பேச்சில் கொண்டுபோவது அதன் வேலை. ஸ்காட்லாந்தின் பழைய மொழியான கேலிக்கும் புதிதாகக் குடியேறியவர்களின் மொழிகளும் அங்கே ஒரே பந்தியில் உட்காருகின்றன. இன்று பல நாடுகளில் அதற்குக் கிளைகள் உள்ளன.

மாண்ட்ரீலின் கான்கார்டியா பல்கலைக்கழகத்தில் ஆய்வகம் நடத்தும் பையர்ஸ்-ஹைன்லைன், கேஸி லூ-வில்லியம்ஸோடு சேர்ந்து 2013இல் ஒரு கட்டுரை எழுதினார். குழந்தை குழம்புமா, பேச்சு தாமதமாகுமா, எந்த வயதில் தொடங்கலாம், ஒருவர் ஒரு மொழி என்பது கட்டாயமா என்று பெற்றோரும் ஆசிரியரும் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளை எடுத்துக்கொண்டு, அறிவியல் எதுவரை சொல்கிறது என்று அதில் விளக்கினார்கள். கைக்குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஆய்வகத்துக்கு வந்து போகும் தாய்மார்தான் இந்த அறிவியலுக்குத் தரவு தருகிறவர்கள். அவர்களிடம் வாங்கியதை விளக்கத்தோடு அவர்களிடமே திருப்பிக் கொடுப்பது அறிஞரின் கடன் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

நம் பக்கத்துக் கணக்கு

பல மொழி புழங்குவது இந்தியாவுக்குப் புதிதன்று. ஒடிசாவின் கோந்து பழங்குடிப் பிள்ளைகளை அஜித் மொஹந்தி ஆராய்ந்தபோது, குயி மொழியோடு ஒடியாவும் பேசியவர்கள், குயியை இழந்து ஒடியா மட்டும் பேசிய அதே இனத்துப் பிள்ளைகளைவிடச் சிறப்பாகச் செய்தார்கள். மதுரையில் சௌராஷ்டிரமும், ஓசூர்ப் பக்கம் தெலுங்கும் கன்னடமும், ஆம்பூரிலும் வாணியம்பாடியிலும் உருதுவும் பேசும் வீடுகளில் தமிழ் இரண்டாவதாகச் சேர்கிறது. வேலை தேடி வந்த வடநாட்டுத் தொழிலாளரின் பிள்ளைகளும் இன்று நம் அங்கன்வாடிகளில் உட்கார்ந்திருக்கிறார்கள். அங்கே பேசாமல் இருக்கும் பிள்ளை வீட்டில் போஜ்புரியிலோ ஒடியாவிலோ கதை கதையாகப் பேசக்கூடும். எல்.கே.ஜி. நேர்காணலில் ஆங்கிலம் வராததால் மந்தம் என்று சொல்லப்படும் பிள்ளை, தமிழில் தெருவையே வாயடைக்க வைக்கக்கூடும்.

புலம்பெயர்ந்த தமிழ் வீடுகளில் கணக்கு மறுபக்கமாக நிற்கிறது. அங்கே சிறுபான்மை மொழி தமிழ். ஃப்ளாண்டர்ஸ் பெற்றோருக்குச் சொன்ன பாடம் டொரொண்டோ, லண்டன், பாரிஸ் பெற்றோருக்கும் அப்படியே பொருந்தும். ஆங்கிலத்துக்கோ பிரெஞ்சுக்கோ வீட்டில் இடம் ஒதுக்க வேண்டியதில்லை. அவை எப்படியும் வந்துவிடும். தமிழுக்குத்தான் நேரமும், பேச ஆளும், பேசுவதற்கு ஒரு காரணமும் வேண்டும்.

இவ்வளவு ஆய்வும் கடைசியில் ஒரு சின்ன மாற்றத்தைத்தான் கேட்கிறது. மருத்துவமனையிலும் அங்கன்வாடியிலும் பள்ளியிலும் குழந்தையின் சொற்களைக் கேட்கும் அந்த வரிக்குப் பக்கத்தில் இன்னும் இரண்டு வரி வேண்டும்: "வீட்டில் என்னென்ன மொழிகள் பேசுகிறீர்கள்? எல்லா மொழியும் சேர்த்து எத்தனை சொல்?" அந்த வரிகள் அச்சாகும் வரை, கேட்கப்படாவிட்டாலும் தாய்மார் அதை எழுதிக் கொடுக்கட்டும். "பால்" இரண்டு சொல். "லே" மூன்றாவது.